விதவையின் துட்டு

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பம் ஒன்றில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தச் சென்றிருந்தேன். அன்றைய வேதபாடம் மாற்கு 12ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்க, ஏழை விதவை ஒருத்தி வந்து தன் காணிக்கையைப் போடும் இடம். நம் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலிலேயே வாசித்தேன். அவள் போட்ட இரண்டு காசின் மதிப்பு ஒரு துட்டு என்று வரும் இடத்தில், கடைசி வரிசையில் மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடனே வெட்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்து, "துட்டுன்னு வேதத்துலயே போட்டுக்கீதா, ஐயரே?" என்று கேட்டார். "ஆமாம், அம்மா" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு இரண்டாவது கேள்வி ஒன்றும் கேட்டார். அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

என்னுடன் வந்திருந்த இறையியல் மாணவர் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பைப் பற்றியே வருந்தினார். இத்துணைப் புனிதமான பகுதியில் இத்துணை மட்டமான சொல் எதற்கு, அடுத்த திருத்தத்திலாவது அதை நீக்கிவிட வேண்டாமா என்பது அவருடைய வாதம். துட்டு என்பது சென்னைக் கடைத்தெருவில் பிறந்த கொச்சை என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அச்சொல் சென்னையிலும் பிறக்கவில்லை, தமிழிலும் பிறக்கவில்லை என்றும், அது இந்நாட்டில் கரையேறிய துறைகளுள் ஒன்று நாம் உட்கார்ந்திருந்த திண்ணைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது என்றும் நான் கூறியதை அவர் நம்பவில்லை. அவருக்கு எழுதிய விடையே சற்று நீண்டு இக்கட்டுரையாயிற்று.

முதலில் மூலத்தைக் காண்போம். விதவை போட்டவை இரண்டு லெப்டா. இவற்றின் மதிப்பை மாற்கு தம் வாசகருக்கு விளக்கும்போது, அது ஒரு கொத்ராந்தேஸ் என்கிறார். லெப்டன் என்பது கிரேக்கச் சொல். உரித்தது, மெலிந்தது என்பது அதன் அடிப்பொருள். கொத்ராந்தேஸ் கிரேக்கச் சொல்லே அன்று. ரோமரின் குவாட்ரன்ஸ் என்னும் செப்புக் காசின் பெயரைக் கிரேக்க எழுத்தில் எழுதியிருக்கிறார். குவாட்ரன்ஸ் என்றால் கால், அதாவது அஸ் என்னும் நாணயத்தில் நான்கில் ஒன்று. கூலியாளின் ஒரு நாள் சம்பளமாக மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் தெனாரியத்தில் 64 குவாட்ரன்ஸ் அடங்கும். ஆகவே விதவையின் கையில் இருந்தது நாட்கூலியில் 64இல் ஒரு பங்கு. யூதேயாவின் சிறுகாசைச் சொல்லிவிட்டு, ஆளவந்தவனின் காசைக் கொண்டு அதற்கு விலை சொல்லுகிறார் சுவிசேஷகர். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தை ஒவ்வொரு ஜாதியாரும் தத்தம் மொழியில் பெயர்த்தபோது, தத்தம் சட்டைப்பையின் அடியில் கிடந்த காசையே தேடி எடுத்தனர். லுத்தர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் விதவை இரண்டு ஷெர்ஃப்லைன் போடுகிறாள். இரண்டும் சேர்ந்து ஒரு ஹெல்லர். ஹெல்லர் என்பது ஷ்வேபிஷ் ஹால் என்னும் ஊரில் அடிக்கப்பட்டதால் பெற்ற பெயர். ஷெர்ஃப் என்பது அதனினும் சிறியது, அரைப் பென்னி. அதற்குக் குறுமை விகுதி ஒன்றும் சேர்த்து ஷெர்ஃப்லைன் என்றார் லுத்தர். 'என் ஷெர்ஃப்லைனை நானும் சேர்க்கிறேன்' என்று ஜெர்மானியர் இன்றும் நன்கொடைப் பட்டியலில் கையெழுத்திடும்போது கூறுவதுண்டு. டேனிஷ் மொழியில் விதவையின் ஸ்கேர்வ் என்பதும், சுவீடனில் விதவையின் ஷேர்வ் என்பதும் இதே சொல்லின் உறவினரே. இவற்றை ஷெர்பே, அதாவது உடைந்த ஓட்டுத்துண்டு என்பதோடு உறவுபடுத்தும் அறிஞர் உண்டு. நம் ஓட்டாஞ்சல்லியை நினைத்துக்கொண்டால் இவ்வுறவு வியப்பாகத் தோன்றாது. சல்லி என்பது நமக்கு உடைந்த துண்டு, சல்லிக்காசும் அதுவே.

ஆங்கில வேதாகமத்தில் விதவை இரண்டு மைட் போடுகிறாள். மைட் என்பதை ஆங்கிலேயர் தம் சொந்தச் சொல்லாக இன்று எண்ணினாலும், அது பிளாண்டர்ஸ் நாட்டுச் செப்புக்காசின் பெயர். கடலுக்கு அக்கரையிலிருந்து வணிகத்தோடு வந்த சொல். அண்டை நாட்டாரின் மிகச் சிறிய காசை எடுத்துத் தம் வேதத்தில் வைத்துக்கொண்ட முதல் மக்கள் தமிழர் அல்லர் என்பதை எம் மாணவர் கவனிப்பாராக. இதில் வேடிக்கை என்னவெனில், அந்த நெதர்லாந்தார் தாமே 1637இல் வெளியிட்ட வேதாகமத்தில் இவ்விடத்தில் துட்டைப் போடவில்லை. அவர்களுடைய விதவை போடுவது இரண்டு சிறு பென்னிங். அவற்றின் மதிப்பு ஒரு ஓர்ட். ஓர்ட் என்பதும் கால், ஸ்டைவர் என்னும் நாணயத்தில் நான்கில் ஒன்று. ஓர்ட் ஒன்றுக்கு இரண்டு துட்டு. அவர்கள் தம் வேதத்தில் வைக்காத காசு நம் வேதத்தில் வந்து விழுந்திருக்கிறது.

இனி அத்துட்டுக்கு வருவோம். டச்சு மொழியில் இதன் எழுத்து வடிவம் நம் காதுக்கு ஏறத்தாழ டெய்ட் என்று ஒலிக்கும். ஜெர்மன் மொழியில் டொய்ட், ஆங்கிலத்தில் டாய்ட். 'ஒரு டொய்ட்டும் பெறாது' என்பது ஜெர்மானியரின் அன்றாடப் பேச்சு. அந்தக் காசைக் கண்ணால் கண்டவர் அங்கே எவரும் இன்று இல்லை. ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகம் ஏறத்தாழ 1611இல் எழுந்தது. அதில், முடவனாகிய இரவலனுக்கு ஒரு டாய்ட் ஈயாதவர்கள் செத்த இந்தியன் ஒருவனை வேடிக்கை பார்க்கப் பத்து டாய்ட் கொடுப்பார்கள் என்று ஒரு கதாபாத்திரம் ஏளனம் செய்கிறான். அந்த இந்தியன் அமெரிக்கப் பழங்குடி, நம்மவன் அல்லன்.

இவை யாவற்றுக்கும் வேரை வடதேசத்தாரின் பழைய நோர்ஸ் மொழியில் காண்கின்றனர். அங்கே த்வெய்ட் என்பது வெட்டிய துண்டு. பழைய ஆங்கிலத்தில் வெட்டுதல், சீவுதல் எனப் பொருள்படும் வினை ஒன்று இதே வேரினது. கத்தியால் குச்சியைச் சீவுவதற்கு ஆங்கிலர் இன்று வழங்கும் விட்டில் என்னும் சொல் அதன் வழித்தோன்றல். காட்டை வெட்டித் திருத்திய நிலத்துண்டும் இப்பெயரையே பெற்றது. வட இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களில் த்வெய்ட் என்றும், நார்வேயில் ட்வெய்ட் என்றும் அது இன்றுவரை நிற்கிறது. ஆகத் துட்டு என்றால் துண்டு. உரித்தது, உடைந்தது, வெட்டியது, கால்பங்கு: மிகச் சிறிய காசுக்கு எந்நாட்டாரும் வைத்த பெயர், முழுமையிலிருந்து பிரிந்துபோன ஒன்றின் பெயரே.

இத்துண்டு பழவேற்காட்டுக்கு வந்த வரலாறு கோட்டையோடு தொடங்குகிறது. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்று ஒல்லாந்தர் 1610இல் இங்கே பண்டகசாலை வைத்தனர். 1612இல் போர்த்துக்கேயர் அதை அழித்தனர். அடுத்த ஆண்டே, 1613இல், ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இன்று கோட்டை இருந்த இடம் புதரும் மேடும். அகழியின் தடம் மட்டும் தெரியும். கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. கோட்டையின் பெயர் மீனவரிடத்தில்தான் உயிரோடிருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்குப் பெயர் கோட்டைக்குப்பம். அதனருகே ஆண்டிகுப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் உள்ளன. முறைவைத்து வலையிடும் உரிமையை இவ்வூரார் பாடு என்பர். கிறிஸ்துவின் பாடுகளுக்கும் மீனவனின் பாட்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்; ஆசையை அடக்கிக்கொண்டு மேலே செல்கிறேன்.

கெல்திரியா என்பதைக் கெல்ட், அதாவது பணம் என்னும் ஜெர்மன் சொல்லோடு இணைத்துப் பணக்கோட்டை என்று விளக்கியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது பிழை. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது. அம்மாகாணமோ இன்று ஜெர்மன் எல்லைக்குள் இருக்கும் கெல்டர்ன் என்னும் ஊரால் பெயர் பெற்றது. எனினும் பிழையான அவ்விளக்கத்தில் ஒரு பொருத்தம் உண்டு. கம்பெனிக்கு இங்கே நாணயச்சாலை இருந்தது; பொன் வராகனும் செப்புக் காசும் அடித்தார்கள். ஜப்பானிலிருந்து செப்புக் கட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து இக்கரையில் விற்றார்கள். இங்கே நெய்து சாயமிட்ட துணியைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றி, அங்கிருந்து மிளகும் சாதிக்காயும் வாங்கினார்கள். பஞ்ச ஆண்டுகளில் துணியோடு மனிதரும் ஏற்றப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து அடிமைகளாக வாங்கப்பட்டுப் பத்தாவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கினர். கல்லறைத் தோட்டத்துக் கற்களில் அவர்கள் பெயர் இல்லை.

துட்டின் கணக்கும் கம்பெனியின் மனப்பான்மையை நன்கு காட்டும். தாய்நாட்டில் 8 துட்டு ஒரு ஸ்டைவர். 20 ஸ்டைவர் ஒரு கில்டர். கீழ்த்திசைக்கு வந்ததும் 4 துட்டே ஒரு ஸ்டைவர். அதாவது அதே செம்பு கடலைக் கடந்ததும் இருமடங்கு விலை பெற்றது. இந்த வேறுபாட்டில் தனியார் கள்ளத்தனமாக இலாபம் பார்க்கத் தொடங்கவே, கம்பெனி 1726 முதல் தன் மூன்றெழுத்து முத்திரையிட்ட தனித் துட்டை நெதர்லாந்து மாகாணச் சாலைகளில் அடிப்பித்து அனுப்பியது. அந்த முத்திரைத் துட்டு புழங்கிய நாளில் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. 1658 முதல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் அவர்கள் கையில் இருந்தன. ஆதலால் இச்சொல்லுக்குப் பழவேற்காடு மட்டும் உரிமை கொண்டாட முடியாது. 1825இல் ஆங்கிலேயருக்குக் கைமாறும்வரை, இடையிடையே போர்களால் முறிந்தாலும், ஒல்லாந்தர் மிக நீண்ட காலம் புழங்கிய தமிழ்த்துறை இது என்பது மட்டும் உறுதி.

இங்கே ஓர் ஐயம் எழும். டெய்ட் என்பது தமிழில் எப்படித் துட்டு ஆயிற்று? அவ்வொலியே வந்திருந்தால் தெய்ட்டு என்றோ தொய்ட்டு என்றோ அல்லவா நிலைத்திருக்கும்? விடை பேச்சுவழக்குகளில் இருக்கிறது என்பது என் கருத்து. அம்ஸ்டர்டாமின் திருந்திய பேச்சில் எய் போல ஒலிக்கும் இவ்வுயிர், ஸேலாந்து மாகாணத்தார் வாயில் இன்றும் இதழ் குவிந்த ஓர் ஊகாரம் போலவே இருக்கிறது. வட ஜெர்மனியின் தாழ்நிலப் பேச்சிலும் பழைய ஊகாரம் மாறவில்லை. வீடு என்பதற்கு அம்ஸ்டர்டாமில் ஹெய்ஸ் என்பர். தாழ்நிலத்தாரிடம் அது ஹூஸ். கம்பெனியின் கப்பல்களில் ஏறி வந்தவர்களில் ஸேலாந்தார் மிகப் பலர். போர்வீரர்களிலோ ஜெர்மன் நாட்டு ஏழை இளைஞர் பெருந்தொகையினர். கோட்டைக் காவலில் நின்று கடைக்காரியிடம் மீனும் கள்ளும் வாங்கியவன் அம்ஸ்டர்டாம் கனவான் அல்லன்.

இதற்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. இறையியல் ஏட்டில் அதைக் கூறுவதற்கு வாசகர் பொறுத்தருள வேண்டும். கக்கூசு என்னும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அதன் பிற்பாதி வீடு என்னும் இதே சொல். எழுத்தில் துட்டின் உயிரும் அவ்வீட்டின் உயிரும் ஒன்றே. தமிழன் காதில் ஒன்று கூசு என்று விழுந்தது; மற்றது துட்டு என்று விழுந்தது. இரண்டும் ஊகாரப் பேச்சினரிடமிருந்து வந்தவை. கூட்டி நோக்கினால் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள் மிகச் சில. இலங்கைத் தமிழரின் கந்தோரையும் சேர்த்தால், ஓர் அலுவலகம், ஒரு கழிப்பிடம், ஒரு காசு. இருநூறு ஆண்டுகளின் எச்சம் அது. மறுதலையாக நாமும் ஒன்று கொடுத்தோம். நம் காசு போர்த்துக்கேயர் வழியே ஐரோப்பிய வணிகர் கணக்கேடுகளில் ஏறி, கீழ்த்திசைச் செப்புக்காசுகள் யாவற்றுக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்னும் பெயரை அளித்தது.

துட்டு தமிழோடு நிற்கவில்லை. மலாய் மொழியிலும் இந்தோனேசியாவிலும் துயித் என்றால் இன்று பொதுவாகப் பணம். சிங்களத்தில் துட்டு தெக்க, அதாவது இரண்டு துட்டு என்பது, எதற்கும் உதவாத அற்பப்பொருளைக் குறிக்கும் வசை. மலையாளத்தில் நாணயத்துட்டு என்பது இன்றும் செய்தித்தாள் நடை. கன்னடத்தில் பணம் என்பதற்கே துட்டு என்பர். அதன் தகரத்தைத் தேவன் என்பதிலும், டகரத்தை லட்டு என்பதிலும் போல ஒலிக்க வேண்டும். தெலுங்கிலும் அவ்வாறே. இதைக் காட்டி, ஒல்லாந்தர் ஆளாத கன்னட உள்நாட்டில் ஒல்லாந்தச் சொல் எப்படிப் பரவும், இது திராவிடச் சொல்லே என்பாரும் உண்டு. தெலுங்கில் இதே ஒலியில் தடித்தது எனப் பொருள்படும் சொல் உண்டு என்றும், தடித்த செப்புக்காசுக்கு அப்பெயர் இயல்பாக வரும் என்றும் அவர்கள் கூறலாம்.

வாதம் நியாயமானதே. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இதை டச்சுச் சொல்லாகவே கொண்டது. நானும் அப்பக்கமே சாய்கிறேன். நாணயம் ஆட்சி எல்லையில் நின்றுவிடுவதில்லை. செம்பு சந்தைக்குச் சந்தை உருண்டு செல்லும், பெயரும் உடன் செல்லும். கன்னடத்தாரோடு உறவற்ற சிங்களவரிடமும், மேலும் கிழக்கே மலாயரிடமும், ஒல்லாந்தர் கால் வைத்த கரைதோறும் இச்சொல் இருப்பதைத் திராவிட வேர் விளக்காது.

நம் நாட்டில் துட்டுக்கு நிலையான விலை இருந்ததில்லை. இடத்துக்கு இடம் அது 2 தம்பிடியாகவும் 4 தம்பிடியாகவும் வழங்கியது; ரூபாய் ஒன்றுக்கு 192 தம்பிடி. ஹென்றி பவர் முதலானோர் திருத்தி 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த திருப்புதலை வாசித்த மக்கள், துட்டு என்றதும் தங்கள் மடியிலிருந்த ஒன்றையே நினைத்தார்கள். அத்திருப்புதலில் காசு என்னும் சொல் பல வேலை செய்கிறது. இங்கே லெப்டனும் காசு. மத்தேயு 10இல் இரண்டு அடைக்கலான் குருவிகளுக்கு விலையாகும் அஸ்ஸாரியமும் காசு. அது லெப்டனைப்போல் எட்டு மடங்கு பெரியது. மத்தேயு 5இல், கடனைக் கடைசிவரை செலுத்தாமல் சிறையிலிருந்து வெளிவர முடியாது என்னும் இடத்தில் வரும் கொத்ராந்தேஸும் காசு. அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் ஃபப்ரீசியஸ் ஐயர் நினைவு வரும். வேப்பேரியில் பல்லாண்டு உழைத்து வேதத்தைத் தமிழில் வடித்த அந்த ஜெர்மானியர், பிறர் பணத்தைக் கையாண்டு ஏமாந்து, முதிர்ந்த வயதில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். புதிய ஏற்பாட்டில் கொத்ராந்தேஸ் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று கடன்பட்டவனின் சிறை. மற்றது விதவையின் காணிக்கை. இரண்டாவது இடத்தில் மட்டும் அதற்குத் துட்டு என்று பெயர்.

மாற்கு 12ஆம் அதிகாரத்தை ஒருசேர வாசிக்க வேண்டும். முற்பகுதியில் இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்னும் கேள்வி. 4ஆம் நூற்றாண்டில் வேதத்தைக் கோத்திய மொழியில் பெயர்த்த உல்ஃபிலா, அங்கே வரி என்பதற்குக் கைஸரகில்ட் என்றார்: இராயனின் கில்ட். ஜெர்மன் கெல்ட்டின் மூத்த உறவு அது. இன்று வெறும் பணமாகிவிட்ட அச்சொல் அன்று வரி, திறை, ஈடு என்று பொருள்பட்டது. பழைய ஆங்கிலத்தில் அதன் உடன்பிறப்பு பலிக்கும் தெய்வ வழிபாட்டுக்கும்கூட வழங்கியது. அரசனுக்குக் கட்டுவதும் ஆண்டவனுக்குப் படைப்பதும் ஒரே சொல்லாக இருந்த காலம் அது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அதிகாரத்தின் இறுதிக்கு வந்தால், வேதபாரகர் விதவைகளின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்று ஆண்டவர் கண்டித்த மறுகணமே விதவை வருகிறாள், ஆளவந்தவன் காசில் மதிப்பிட்ட தன் கடைசிச் சல்லியைப் போடுகிறாள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அதே தேவாலயம் கல்லின்மேல் கல்லிராதபடி இடிக்கப்படும் என்கிறார். ஆண்டவர் அவளைப் புகழ்ந்தாரா, அவளுக்காகப் புலம்பினாரா என்று அமெரிக்க வேத ஆராய்ச்சியாளர் அடிசன் ரைட் 1982இல் எழுதிய கட்டுரை எழுப்பிய கேள்வியை நம் காணிக்கைப் பிரசங்கங்கள் இன்னும் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. நானும் முப்பது ஆண்டு ஊழியத்தில் அறுப்பின் பண்டிகைதோறும் இப்பகுதியைச் சபையாரின் பைகளைத் திறக்கும் திறவுகோலாகவே பயன்படுத்தி வந்தவன்.

மீன்கார அம்மையாரின் இரண்டாவது கேள்வி இதுதான்: "கீற துட்டையெல்லாம் போட்டுட்டாளே ஐயரே, ராவுக்கு அடுப்புல இன்னா வச்சா?"

எனக்கு விடை தெரியவில்லை. மாற்கும் சொல்லவில்லை. கேள்வி பிறந்தது அந்த ஒரு சொல்லால் என்பதை மட்டும் பின்னர் உணர்ந்தேன். இரண்டு காசு என்று வாசித்தவரை அவருக்கு அது வேதக்கதை. துட்டு என்றதும் அவருடைய மடிக்குள் இருந்த ஒன்றாயிற்று. காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாய்க் கூவி விற்று, மாலையில் எஞ்சுவதை எண்ணிப் பார்ப்பவர் அவர். அந்தக் கணக்கை விதவைக்கும் போட்டுப் பார்த்தார்.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் கொதிராந்து என்று மூலத்தின் ஒலியையே தமிழாக்கியுள்ளது. அறிஞருக்கு அது துல்லியம். ஆயினும் மாற்குவின் செயலுக்கு அது நேர்மாறு. அவர் தம் வாசகர் கையில் புழங்கிய அயல்நாட்டுக் காசைச் சொன்னார், அவர்கள் அறியாத ஒன்றை அன்று. அவ்வாறே 1871ஆம் ஆண்டுத் திருப்புதலும், தெரிந்தோ தெரியாமலோ, கம்பெனிக் கப்பலில் வந்து ஏழையின் முந்தானை முடிச்சில் தங்கிவிட்ட காசைச் சொன்னது. தம்பிடியும் அணாவும் 1957இல் தொடங்கிய புதிய நாணய முறையோடு மறைந்தன. 25 காசும் அதனினும் சிறியவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவையாயின. துட்டு என்று காட்டக்கூடிய நாணயம் எதுவும் இன்று எவரிடமும் இல்லை. சொல்லை மட்டும் பழவேற்காட்டுக் கரையில் நாள்தோறும் கேட்கலாம்.

திருத்தக் குழுவுக்கு என் மாணவர் எழுத எண்ணியிருக்கும் கடிதத்தில் என் கையெழுத்தைக் கேட்டிருந்தார். நான் இடவில்லை. அடுத்த மாதம் அக்குப்பத்துக்கு மறுபடியும் செல்கிறேன், அவரையும் வரச்சொல்லியிருக்கிறேன்.